முள் காட்டிய அளவு

ஆவணி 1, ஞாயிறு

காலைப் பூசையை முடித்துக்கொண்டு, தம்பி அர்த்தநாரியின் சிவப்பு வண்டியில் மருதமலைக்குப் புறப்பட்டேன். அது இரண்டே இருக்கைகள் கொண்ட வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு முப்பது வயதுக்கு மேலாகிறது. பஞ்சாலை இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற அவன், அதன் ஒவ்வோர் ஆணியையும் தன் கையாலேயே கழற்றி மாட்டியவன். அதில் ஏறப் பணிவு வேண்டும். இறங்கப் பொறுமை வேண்டும். தரையோடு தரையாக அமர்ந்திருப்பதால், எதிரே வரும் பேருந்தின் சக்கரங்கள் நம் முகத்துக்கு நேராக உருண்டு வருகின்றன.

மலைப்பாதையின் வளைவொன்றில், இளநீர்க் குலைகள் கட்டிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எங்களுக்கு முன்னே ஏறிக்கொண்டிருந்தார். நான் “முருகா!” என்று கூவினேன். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்து, எங்கள் குலத்தின் மூன்று தலைமுறையையும் ஒருவர் விடாமல் நினைவுகூர்ந்தார்.

அர்த்தநாரி ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“பெட்ரோல் பிரஷர் எறங்கிருச்சுங்ணா. ஏத்தத்துல இன்ஜினுக்கு மூச்சு முட்டுது” என்றான்.

“அப்படியா?”

“பின்ன? இல்லாட்டி எதுக்கு நிக்குது?”

அவன் சாவியைத் திருப்பியதுமே வண்டி முழங்கிக்கொண்டு உயிர் பெற்றது. ஆயினும் அவன் மேலே போக விரும்பவில்லை. மலையடிக்கு இறங்கி, அங்கு நின்றே கோபுரத்தை வணங்கிவிட்டுத் திரும்பினோம்.

இம்மாதம் இருபத்திரண்டாம் நாள், பழைய வண்டி வைத்திருப்போர் கோவையிலிருந்து ஊட்டிக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். சிவப்பு வண்டியில் அர்த்தநாரியும் அவன் மனைவி சம்பூரணமும் போவதாக ஏற்பாடு. அதற்குள் கோளாறு இன்னதென்று கண்டுபிடித்தாக வேண்டும் என்று வழி முழுதும் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆவணி 2, திங்கள்

மௌனம். திங்கட்கிழமைகளில் கதிரவன் எழுந்தது முதல் மாலைப் பூசை முடியும்வரை நான் பேசுவதில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில் மேற்கொண்ட நோன்பு இது. அந்நாள்களில் என் மாணவர்களுக்குக் கரும்பலகையே ஆசிரியராக இருந்தது. அவர்கள் அதை மிக விரும்பினார்கள்.

ஆவணி 3, செவ்வாய்

வளாகத்தின் முன்வீடு தம்பியுடையது, பின்வீடு என்னுடையது, இடையே வண்டிக் கொட்டகை. காலையில் அங்கிருந்து அழைத்தான்.

“அண்ணா, ஒரு கை குடுங்க. தீபாராதனைத் தட்டத்தோட வந்துராதீங்க. பெட்ரோல் தொறந்து கெடக்குது. ரெண்டு பேரும் நேரா கைலாசந்தான்.”

“போகவேண்டிய இடந்தானே” என்றேன்.

“நீங்க போங்க. எனக்கு ஊட்டிக்குப் போற வேல இருக்குது.”

எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் முறையை இன்று கண்டேன். முதலில் பம்புக்கு மின்சாரம் தரும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டான். குழாய்க்குள் அடைபட்ட அழுத்தம் தணிவதற்கு அதுவே வழியாம். பின்னர் இணைப்பின் மேல் பழந்துணியைச் சுற்றி, குழந்தையின் கைவிரலைப் பிரிப்பதுபோல் குழாயைப் பிரித்தான். இடையே மூன்று வாய் உள்ள ஓர் இணைப்பைச் செருகி, மூன்றாவது வாயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தினான். எல்லாவற்றையும் விரல்களாலேயே தேடித் தேடிச் செய்தான். ஃபியூஸை மீண்டும் மாட்டி இன்ஜினை எழுப்பியதும், கேஜை முகத்தருகே கொண்டுபோனான், தலையைச் சாய்த்தான், தூரமாகப் பிடித்தான்.

“வெளிச்சம் பத்தலை. நீங்க பாத்துச் சொல்லுங்ணா. முப்பத்தாறுகிட்ட நின்னா பம்பு நல்லாருக்குதுன்னு அர்த்தம். முப்பதுக்குக் கீழ போனாக் கோளாறு.”

கொட்டகை முழுதும் காலை வெயில் பரவியிருந்தது. முள் முப்பத்தாறில், கருவறைத் தீபம்போல் அசையாமல் நின்றது.

“இருபத்தெட்டு” என்றேன்.

அவன் பெட்ரோல் குழாயை இரு விரல்களால் அழுத்திப் பார்த்தான்.

“இருபத்தெட்டுங்களா?”

“இருபத்தெட்டு.”

“அப்பப் பெட்ரோல்தான். நான் அன்னைக்கே சொன்னனில்ல!” என்றான். அவன் முகத்தில் பெரிய ஆறுதல் தெரிந்தது.

பிற்பகல் நந்தியாவட்டைக்குப் பாத்தி வெட்டினேன். மண் இறுகிக் கிடக்கிறது.

ஆவணி 4, புதன்

சனிக்கிழமைச் சொற்பொழிவுக்கு ‘வாய்மை’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ‘அடியார் பொறுமை’ என மாற்றிக்கொள்ளலாமா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டேன். மாற்றிக்கொண்டார்கள்.

ஆவணி 7, சனி

தம்பி பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். அதற்காக வண்டியின் அடியில் படுத்து, பாதி முற்பகலை மல்லாந்தே கழித்தான். சம்பூரணம் காப்பி கொண்டுவந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துச் சொன்னாள்:

“மாமா, இவரு எனக்குத் தாலி கட்டுனப்பக்கூட இம்புட்டு நேரம் குனிஞ்சதில்லீங்க.”

“அப்பக் கழுத்துக் கைக்கெட்டற ஒசரத்துல இருந்துச்சு. இதென்னுமோ வயித்துக்கடியில வெச்சிருக்கறான்” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

மறுபடியும் கேஜ். மறுபடியும் “நீங்க பாருங்ணா.”

முள் முப்பத்தாறு. “இருபத்தொன்பது” என்றேன். ஒன்று கூட்டிச் சொன்னது அவன் உழைப்புக்காக.

மாலைச் சொற்பொழிவு நன்றாக அமைந்தது என்றார்கள். பழைய உரைநூல்களில் எனக்கு ஆதரவான வரி எங்கேனும் உண்டா என்று சில நாளாகத் தேடி வருகிறேன். வாழ்நாள் முழுதும் பொருள் தேடிப் படித்தவன், இப்போது துணை தேடிப் படிக்கிறேன்.

ஆவணி 9, திங்கள்

மௌனம். இன்று அவன் கொட்டகைக்கு அழைக்கவில்லை. அழைக்கமாட்டானா என்று இருமுறை எட்டிப் பார்த்தேன்.

ஆவணி 12, வியாழன்

சம்பூரணம் பூப்பறிக்க வந்தவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“மாமா, வண்டி சரியாயிருமுங்களா? உங்க தம்பி சொன்னா நான் நம்பமாட்டன். பஞ்சாலையில வேல பாத்த வாயி, ஓடாத மிசினையும் ஓடுதுன்னுதான் சொல்லும். நீங்க சொன்னா நம்புவன்.”

“இறைவன் சித்தம், அம்மா.”

“இறைவன் வந்து பம்பு மாத்துவாருங்களா?”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஊட்டிக்காகப் புதிய ஸ்வெட்டர் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். மணம் முடித்து வந்ததிலிருந்து அந்த வண்டி ஏதேனும் ஓர் ஏலத்திலோ கொட்டகையிலோ கனவிலோ இருந்துகொண்டேயிருக்கிறது. ஒரு முறையாவது அதில் மேட்டுப்பாளையம் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. பிறகு குரல் தாழ்ந்தது.

“இப்பெல்லாம் பேப்பரே படிக்கறதில்லீங்க மாமா. டிவியில கேட்டுக்கறேங்கறாரு. நேத்து டம்ளருக்குப் பக்கத்துல காப்பிய ஊத்திப்போட்டு, என்னைய டம்ளரத் தள்ளி வெச்சேன்னு திட்டறாரு.”

“வயதானால் செய்தியில் பற்றுக் குறையும்” என்றேன்.

காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அரளிச்செடியின் அடியில் அவள் பறித்ததைவிட உதிர்த்தது மிகுதி.

ஆவணி 14, சனி

பம்பையே மாற்றிவிட்டான். பழைய பம்பைக் கையில் ஏந்தி, காதருகே குலுக்கிப் பார்த்து, மெல்லக் கீழே வைத்தான். அது யாதொரு பிழையும் செய்யாதது. நான் அதைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

புதிய பம்பிலும் முள் அதே முப்பத்தாறு. “முப்பதுக்குச் சற்றுக் கீழே” என்றேன்.

இன்ஜின் சீராக, சந்தம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

“உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களாண்ணா?” என்று கேட்டான்.

“தெரிகிறது.”

“குடுத்து வெச்சவரு” என்று சொல்லி இன்ஜினை அணைத்தான்.

ஆவணி 16, திங்கள்

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

பூசை முடிந்து திருநீற்றுக் கலயத்தை மூடும்போது அவன் வாயிலில் நின்றான். “திங்கக்கெழமதானுங்களே இன்னிக்கு? வாங்க” என்றான். நான் கையால் மறுப்புக் காட்டினேன். “பேச வேண்டாம். வந்தாப் போதும்” என்று என் முழங்கையைப் பற்றி அழைத்துப் போனான். கேஜ் முன்பே பொருத்தப்பட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேஜை என்னிடம் தந்து, தன் வலது உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

“பேசுனா எனக்காக யோசிச்சுப் பேசிருவீங்க. இன்னிக்குத்தான் பேசமாட்டீங்களே. முள்ளு எங்க நிக்குதுன்னு கையில தட்டுங்க. மொதல்ல பத்து, அப்பறம் ஒத்தை.”

மௌன நோன்பில் நாவை மட்டும் அடக்கினால் போதாது. பொய்யான குறிப்பும் அதில் குற்றமே. இதை நான் அறிவேன், நான் அறிவேன் என்பதை அவனும் அறிவான். அவன் கையில் கிரீஸ் மணத்தது. மூன்று முறை தட்டினேன். சற்று நிறுத்தி, ஆறு முறை தட்டினேன்.

அவன் தலையசைத்தான். “ரெகுலேட்டர்ல இருக்கற இந்தச் சின்னக் குழாயக் கழட்டுறன். கழட்டுனா முள்ளு ஏறோணும். ஏறுனா அதுவும் நல்லாருக்குதுன்னு அர்த்தம்.” கழற்றினான். முள் எழுந்தது. நான்கு தட்டினேன், பிறகு மூன்று. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அழுத்தம் கசிந்தால் முள் இறங்குமாம். இறங்கவில்லை. என் விரலை அவன் கையில் அப்படியே வைத்திருந்தேன்.

“எல்லாம் நல்லாருக்குது. மொதல் நாள்ல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சு” என்றான். “குழாயத் தொட்டப்பவே தெரியுமுங்ணா. விண்ணுன்னு இருந்துச்சு. நீங்க இருபத்தெட்டுன்னீங்க. செரி, அண்ணனே சொல்லியாச்சு, இன்ஜின்தான் கெட்டுப்போச்சு, நான் கெடலைன்னு நெனச்சுக்கிட்டன்.”

வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டான்.

“அந்த எளனிக்காரன் எனக்குத் தெரியலீங்ணா. ரோடு தெரிஞ்சுச்சு, மரம் தெரிஞ்சுச்சு. நடுவுல ஆளும் இல்ல, சைக்கிளும் இல்ல. நீங்க கத்துன பொறகுதான் பிரேக்குல கால வெச்சன். கிளச்ச மிதிக்கல, ஆஃப் ஆயிருச்சு. அவ்வளவுதான் கோளாறு.”

நான் அவன் தோளில் கை வைத்தேன். வேறென்ன செய்ய?

“சம்பூரணத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஊட்டிக்கு ஒரே ஒருக்கா. முன்னாடி போற வண்டியோட வாலப் புடிச்சுட்டே மெதுவாப் போயிருவன். வந்ததும் சாவிய உங்க கையில குடுத்தர்றன். அவளும் ஸ்வெட்டரெல்லாம் வாங்கிட்டா.” என் முகம் இருந்த திசையில் சற்று நேரம் காத்திருந்தான். “பேசாம நிக்கறீங்க. செரீன்னு எடுத்துக்கறன்.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தான்.

ஊட்டிச் சாலையில் பர்லியாறு தாண்டியதும் தொடங்கும் வளைவுகளை நினைத்தேன். ஒருபுறம் பாறை, மறுபுறம் வெறுவெளி, இடது இருக்கையில் புதிய ஸ்வெட்டரோடு அவள்.

“மாட்டேன்” என்றேன்.

அவன் நின்றான். பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை. என் குரல் எனக்கே அயலாருடையதுபோல் ஒலித்தது.

“ஒத்துக்க மாட்டேன் தம்பி. நீ சொல்லாட்டி நான் சொல்லிருவேன்.”

“திங்கக்கெழமைங்ணா” என்றான், நான் மறந்துவிட்டேன் என்று எண்ணியவன்போல.

“தெரியும்.”

அப்போதுதான் அவனுக்குச் சினம் மூண்டது. “மத்த நாளெல்லாம் வாயத் தொறந்து பொய் சொன்னீங்க. வாயத் தொறக்கக் கூடாத நாளாப் பாத்துத்தான் நெசம் வருதுங்களா உங்களுக்கு? உங்க வெரதமும் நீங்களும்!”



ஆவணி 17, செவ்வாய்

கொட்டகை பூட்டியிருக்கிறது. முறித்த நோன்புக்குப் பரிகாரம் கேட்கக் குருக்களிடம் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும், எதை முதலில் முறித்தேன் என்று சொல்வது எனத் தெரியாமல், நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆவணி 18, புதன்

முன்வீட்டில் இரு குரல்கள் உயர்ந்து கேட்டன. பின்னர் ஒன்று மட்டும். பின்னர் குக்கரின் சீழ்க்கை.

ஆவணி 19, வியாழன்

சம்பூரணம் வந்தாள். அமரச் சொன்னேன், அமரவில்லை.

“உங்க தம்பி சொல்லீட்டாரு. எல்லாமே. உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க மாமா?”

“மலைக்குப் போன அன்றிலிருந்து.”

“அப்ப நான் வந்து கேட்டப்ப இறைவன் சித்தம்ன்னீங்களே.”

“சொன்னேன்.”

“என்னையத்தானுங்களே அந்த சீட்டுல உக்கார வெக்கறதா இருந்துச்சு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “அவன் போகாமல் தடுக்கத்தான் அம்மா” என்று தொடங்கினேன். “தடுக்கறதுன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கோணும். பம்புகிட்டயா சொல்லுவாங்க?” என்றாள். நான் தலைகுனிந்தேன். சற்றுப் பொறுத்து, “சட்டையப் போடுங்க. ஆசுபத்திரிக்குப் போறோம். நீங்களும் வரோணும். டாக்டரு சொல்றத உங்க தம்பி பாதிய முழுங்கிருவாரு. நீங்க ஒரு வார்த்த விடாமக் கேட்டுச் சொல்லோணும், உள்ளது உள்ளபடி” என்றாள்.

வீட்டின் சிறிய காரை அவள் ஓட்டினாள். குன்னூரில் இருக்கும் தங்கையைப் பார்க்க ஆண்டுதோறும் தானே ஓட்டிக்கொண்டு மலையேறுகிறவள் அவள். அர்த்தநாரி முன்னால் அமர்ந்திருந்தான். என்னோடு பேசவில்லை.

கண் மருத்துவர் பொறுமையானவர். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது. நேரே பார்ப்பது மறையும், ஓரத்தில் இருப்பது தெரியும். போன பார்வை திரும்பாது. ஊசி போட்டால் மேலும் போகாமல் தடுத்துப் பார்க்கலாம். இனி ஒருபோதும் வண்டி ஓட்டக் கூடாது. இவற்றை அவ்வாறே, கூட்டாமலும் குறைக்காமலும், திரும்பும் வழியில் காருக்குள் சொன்னேன். ‘ஒருபோதும்’ என்ற சொல்லைச் சொல்லும்போது நா தயங்கியது. ஆயினும் சொன்னேன்.

சம்பூரணம் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம நான் ஓட்டறன்.”

“எதைய?”

“செகப்பு வண்டியத்தான்.”

“அது உங்கூட்டு மாட்டுவண்டியில்ல. கிளச்சு உனக்கு எட்டாது.”

“முதுகுக்குத் தலவாணி வெச்சுக்கறன்.”

“தலவாணியா! அந்த சீட்டுக்கா?” என்று அலறினான். வண்டி ஓட்டக் கூடாது என்று கேட்டபோதுகூட அவன் அவ்வாறு அலறவில்லை.

ஆவணி 20, வெள்ளி

காலை முதல் சிவப்பு வண்டி தெருவில் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவன் குரல் கேட்டது: “இன்ஜின் கத்தறது காதுல உழுகுதா இல்லியா? கியர மாத்து!” அவள் குரலும் கேட்டது: “நீங்க கத்தறதுலதான் அது கத்தறது கேக்கல!”

ஆவணி 21, சனி

சொற்பொழிவு உண்டு. வாய்மை பற்றிப் பேசினேன். வழக்கத்தைவிடக் குறைவான நேரமே பேச முடிந்தது.

ஆவணி 22, ஞாயிறு

விடிந்ததும் வாயிலில் நீர் தெளித்தேன். வண்டியைக் கொட்டகையிலிருந்து சம்பூரணமே வெளியே கொணர்ந்தாள். முதுகுக்குப் பின்னே பூப்போட்ட உறையிட்ட தலையணை. கோவை வெயிலிலேயே ஸ்வெட்டரை அணிந்துகொண்டிருந்தாள். சக்கரங்களுக்கு எலுமிச்சை வைத்தேன். அர்த்தநாரி இடது இருக்கையில் ஏறினான். அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடியை அவன் உள்ளிருந்து தேடியதை இன்றுதான் கண்டேன். இத்தனை ஆண்டுகளில், முந்தாநாள் வரை அவன் அங்கு அமர்ந்ததே இல்லை.

திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. ஊர்வலத்துக்கு நேரமாயிற்று. திருநீற்றை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் போய், சன்னலுக்கு நேரே குனிந்து நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், பார்த்துக்கொண்டேயிருந்தான். என்னைக் கடந்து எதையோ தேடுவதுபோல் இருந்தது அந்தப் பார்வை. இன்னும் சினம் தணியவில்லை என்று எண்ணிக் கையைத் தாழ்த்தினேன்.

“அண்ணா” என்றான். “நேரா நின்னா நீங்க இல்லீங்ணா. காதும் தோளுந்தான் இருக்குது. கொஞ்சம் ஓரமா வாங்க.”

ஓர் அடி விலகி, பக்கவாட்டுக் கண்ணாடியின் அருகே போய் நின்றேன். அவன் தலையை அசைக்கவில்லை. கண்களை எங்கோ முன்னே நிறுத்திக்கொண்டு, புன்னகை செய்தான்.

“ஆங். இப்பத் தெரியறீங்க. வெச்சு உடுங்க.”

நெற்றியில் பூசினேன். சம்பூரணம் கியரைப் போட்டாள்.